மூன்று பிள்ளைகள் வீடும் ஒரே பயணச்சீட்டில்: புள்ளிகளைக் கொண்டு உலகைச் சுற்றி வர விமான ஆசனம் பதிவு செய்யும் முறை

கொக்குவிலில் இருக்கும் எங்கள் சின்னம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் இலண்டனில், மகன் ரொறன்ரோவில், கடைக்குட்டி மெல்பேணில். "மூண்டும் மூண்டு திக்கில கிடக்குதுகள். ஒருக்கா வெளிக்கிட்டு எல்லாரையும் பாத்திட்டு வர ஒரு வழி இல்லையே தம்பி?" என்று அவர் ஒரு நாள் கேட்டார். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. அதற்கு விடையாக ஒரு வழி உண்டு. விமானசேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் புள்ளிகளைக் கொண்டு, பல நிறுவனங்களின் விமானங்களை ஒரே பயணச்சீட்டில் கோத்து, மேற்கே புறப்பட்டுக் கிழக்கு வழியாக வீடு திரும்புவதே அந்த வழி. உலகைச் சுற்றி வரும் இத்தகைய பயணச்சீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கான ஆடம்பரம் என்று பலரும் நினைக்கிறார்கள். பிள்ளைகள் நாலு கண்டத்தில் வாழும் எங்கள் பெற்றோருக்கே அது மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். உலகின் பெரிய விமானசேவைகள் பெரும்பாலும் மூன்று கூட்டணிகளில் அடங்குகின்றன: 1997 இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ், வன்வேர்ல்ட், ஸ்கைரீம். எங்கள் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே 1 முதல் வன்வேர்ல்டில் இருக்கிறது. அதே கூட்டணியில் கட்டார் எயார்வேஸ், பிரிட்டிஷ் எயார்வேஸ், கதே பசிபிக், ஜப்பான் எயார்லைன்ஸ், மலேசியா எயார்லைன்ஸ், குவாண்டஸ் போன்றவையும் உள்ளன. ஒரு நிறுவனத்தில் சேர்த்த புள்ளிகளை அதன் கூட்டாளி நிறுவனங்களின் விமானங்களிலும் செலவிடலாம் என்பதனால், கொழும்பிலிருந்து புறப்படுபவருக்கு வன்வேர்ல்ட் வழி இலகுவானது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ், எயார் இந்தியா ஆகியவை கொழும்புக்கு வருவதனால் ஸ்டார் அலையன்ஸ் வழியும் திறந்தே இருக்கிறது.

இங்கே உள்ளவர் ஒருவர் இவ்வளவு புள்ளிகளைத் தாமே சேர்ப்பது கடினம். ஆனால் புள்ளிகள் பெற்றோரிடம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அவை பெரும்பாலும் பிள்ளைகளின் கணக்குகளில் ஏற்கனவே கிடக்கின்றன. பலருக்கு அது நினைவிலேயே இல்லை. அவுஸ்திரேலியாவில் கடனட்டை எடுக்கும்போது கிடைக்கும் தொடக்கப் புள்ளிகள் சேர்கின்றன. வூல்வேர்த்ஸ் கடையில் மளிகைச் சாமான் வாங்கிச் சேரும் 2,000 புள்ளிகள் 1,000 குவாண்டஸ் புள்ளிகளாக மாறுகின்றன. கனடாவில் உள்ள பிள்ளைக்கு, எயார் கனடாவின் புள்ளித் திட்டமான ஏரோபிளானில் கணக்கு இருக்கும். குவாண்டஸ் திட்டத்தில் மகன் தன் புள்ளிகளில் தாய்க்கோ தகப்பனுக்கோ பயணச்சீட்டு எடுக்கலாம். குடும்பத்தினருக்குள் புள்ளிகளைக் கட்டணமின்றி மாற்றவும் முடியும். சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிறிஸ்ஃபிளையர் திட்டத்தில் ஐந்து பேர் வரை முன்கூட்டியே பெயர் பதிந்து வைத்தால் அவர்களுக்காக மைல்களைச் (அங்கே புள்ளிகளுக்கு அதுவே பெயர்) செலவிடலாம். ஆகவே, பிள்ளைகள் எல்லோரையும் ஒரு குழு அழைப்பில் சேர்த்து, யாரிடம் எந்தத் திட்டத்தில் எவ்வளவு இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று கேட்டு ஒரு தாளில் எழுதுவதே முதல் வேலை. கிறிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். குவாண்டஸ், ஏரோபிளான் புள்ளிகளோ பதினெட்டு மாதங்கள் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் அழிந்துவிடும். சின்னம்மாவின் வீட்டில் மெல்பேணில் இருக்கும் கடைக்குட்டியிடமே அதிகம் இருந்தது. அதனால் குவாண்டஸ் வழியைத் தெரிவு செய்தோம்.

குவாண்டஸின் வன்வேர்ல்ட் பரிசுப் பயணத்துக்கு, அதாவது புள்ளிகளைக் கொடுத்து வன்வேர்ல்ட் விமானங்களில் போகும் பயணத்துக்கு, விதிகள் தெளிவானவை. மொத்தத் தூரம் 35,000 மைலுக்குள் இருக்க வேண்டும். ஐந்து ஊர்களில் தங்கலாம். ஒரே ஊரில் ஒரு தடவைக்கு மேல் தங்க முடியாது. ஒரு விமானத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு பறப்பும் ஒரு துண்டு; பயணம் பதினாறு துண்டுகளைத் தாண்டக் கூடாது. குவாண்டஸ் தவிர்ந்த குறைந்தது இரண்டு வன்வேர்ல்ட் நிறுவனங்களின் விமானங்கள் அதில் இருக்க வேண்டும். கூட்டணிக்கு வெளியே உள்ள எமிரேட்ஸ் போன்றவற்றைச் சேர்க்க முடியாது. இதில் "தங்கல்" என்பது இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓர் ஊரில் நிற்பது. அதற்குக் குறைவாக நின்றால் அது வெறும் விமான மாற்றம், தங்கலாகக் கணக்கில் வராது. 2019 செப்டெம்பரில் இந்தப் பயணத்தின் விலை சாதாரண வகுப்புக்கு 132,400 புள்ளிகள் என்றும் வணிக வகுப்புக்கு 318,000 என்றும் நிர்ணயிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் குவாண்டஸ் தன் பரிசுப் பயண விலைகளை மறுபடி உயர்த்தியது. ஆகையால் திட்டமிடும் நாளில் அதன் தளத்திலுள்ள அட்டவணையைப் பார்த்தே கணக்குப் போடுங்கள். புள்ளி என்பது வங்கியில் வட்டிக்கு விட்ட காசு போன்றதல்ல; வைத்திருக்க வைத்திருக்க அதன் பெறுமதி குறையும்.

கிறிஸ்ஃபிளையரின் உலகப் பயணத்துக்கும் 35,000 மைல், பதினாறு துண்டுகள் என்ற எல்லைகளே உண்டு; தங்கும் ஊர்கள் ஏழு வரை போகலாம். ஆனால் அத்திலாந்திக்கையும் பசிபிக்கையும் ஒவ்வொரு முறை கடக்க வேண்டும், கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் போக வேண்டும், தொடங்கிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். ஏரோபிளானில் உலகப் பயணம் என்று தனிப் பரிசு இப்போது இல்லை. ஆயினும் ஒருவழிப் பயணம் ஒன்றின் நடுவே 5,000 புள்ளிகள் கூடக் கொடுத்து ஓர் ஊரில் தங்கிப் போகலாம். விமான நிறுவனங்கள் வரிகளுக்கு மேல் சேர்க்கும் மேலதிகக் கட்டணத்தை 2020 நவம்பர் முதல் அத்திட்டம் அறவிடுவதுமில்லை. இரண்டு மூன்று ஒருவழிப் பயணங்களைத் தொடுத்தால் அதுவும் ஓர் உலகச் சுற்றாகிவிடும். கனடாப் பிள்ளையிடம் புள்ளி நிறைந்திருந்தால் இந்த வழியை முதலில் பாருங்கள்.

இனி வழியைத் தீர்மானிக்க வேண்டும். சின்னம்மாவின் நாட்காட்டியில் கிழித்த ஒரு மாதத் தாளின் பின்புறத்தில் ஊர்களை வட்டமாக எழுதி, ஒவ்வொரு கோட்டின் மேலும் மைலைக் குறித்தோம். கொழும்பிலிருந்து தோகா வழியாக இலண்டன் ஏறக்குறைய 5,500. இலண்டனிலிருந்து ரொறன்ரோ 3,550. ரொறன்ரோவிலிருந்து கதே பசிபிக்கில் நேரே ஹொங்கொங் 7,800. ஹொங்கொங்கிலிருந்து மெல்பேண் 4,600. மெல்பேணிலிருந்து ஸ்ரீலங்கனில் கொழும்பு 5,200. கூட்டிப் பார்த்தால் 26,650. எல்லைக்கு இன்னும் எட்டாயிரத்துக்கு மேல் மிச்சம்! 19,200 மைலைத் தாண்டிய பின் 35,000 வரை விலை ஒன்றேயாதலால், அந்த மிச்சத்தை வீணாக்குவது சரியில்லை. ஒஸ்லோவில் இருக்கும் சின்னம்மாவின் தம்பி வீட்டுக்கு இலண்டனிலிருந்து போய் வர 1,500 மைல்தான். இப்போது தங்கும் ஊர்கள் நாலு, துண்டுகள் எட்டு. ஒஸ்லோவிலிருந்து திரும்பும்போது இலண்டனில் மறுபடி தங்க முடியாது. அங்கே ஒரு நாளுக்குள் ரொறன்ரோ விமானத்துக்கு மாறிவிட வேண்டும்.

மைலை விழுங்குவது சுற்றுவழி. இலண்டனுக்குத் தோகா வழி போவதற்கும் நேரே பறப்பதற்கும் நூறு மைல் அளவே வித்தியாசம். அதே பயணத்தைக் கோலாலம்பூர் வழியாகப் போட்டால் 8,100 மைலாகிவிடும். கிழக்கே போய்த் திரும்பி மேற்கே பறப்பதனால் வரும் நட்டம் அது. வரைபடத்தில் கோடு பின்னோக்கி மடியும் இடங்களைத் தவிர்த்தாலே கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும்.

பலரும் மறந்துவிடுவது விசாவை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு வழியைத் தீர்மானிப்பது விசாதான்; புள்ளிகள் அதற்குப் பின்னரே. ரொறன்ரோவிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் வழியாகச் சிட்னி போவது வரைபடத்தில் அழகாகத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கும் குடிவரவுப் பகுதியைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கும் அமெரிக்க விசா வேண்டும். சின்னம்மாவுக்கு நாங்கள் ஹொங்கொங் வழியைப் போட்டதன் காரணம் இதுவே. பரிஸ், பிராங்பேட் போன்ற, பொது விசா முறையுள்ள ஐரோப்பிய செங்கன் நாட்டு விமான நிலையங்களில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக் கூட இலங்கையர் விமான நிலைய இடைமாறல் விசா எடுக்க வேண்டும். செல்லுபடியாகும் கனடா, அமெரிக்கா அல்லது ஜப்பான் விசா இருந்தால் விலக்கு உண்டு. அவுஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை, மின்னணு முறையில் பதிவாகிறது. மற்ற நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போது கடவுச்சீட்டு எத்தனை வாரம் கையில் இருக்காது என்பதை எண்ணி வரிசையை அமையுங்கள். கனடா விசா கிடைத்த பின்னரே புள்ளிகளைச் செலவிடும்படி நான் எல்லோருக்கும் சொல்கிறேன். அது மறுக்கப்பட்டால் வட்டத்தின் நடுவே ஒரு பெரிய ஓட்டை விழுந்துவிடும்.

பருவத்தையும் எங்கள் நாட்காட்டிப்படியே பார்க்கலாம். யூலை, ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்காகவும் பாடசாலை விடுமுறைக்காகவும் வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வந்து திரும்பும். அந்த வாரங்களில் கொழும்பு விமானங்களில் புள்ளி ஆசனம் கிடைப்பது அரிது. தேரும் தீர்த்தமும் முடிந்து, வந்தவர்களும் திரும்பிய பின் செப்டெம்பர் நடுப்பகுதியில் புறப்பட்டால், இலண்டனில் குளிர் இறுகுவதற்கு முன் நிற்கலாம், ஒக்டோபரில் ரொறன்ரோவில் பனி விழ முன் மகனோடு இருக்கலாம், நவம்பரில் மெல்பேணின் வசந்தத்துக்குப் போகலாம். டிசம்பர் நடுப்பகுதிக்கு முன் மெல்பேணை விட்டுப் புறப்படுவது முக்கியம்; நத்தார் நெருங்கும்போது அந்த வழியில் புள்ளி ஆசனங்கள் காணாமல் போகும்.

புள்ளி ஆசனம் என்பது விமானத்தில் வெற்றிடம் இருந்தால் கிடைப்பதன்று. ஒவ்வொரு விமானத்திலும் கூட்டாளி நிறுவனங்களுக்கென்று மிகச் சில ஆசனங்களையே ஒதுக்குகிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் 330 முதல் 360 நாட்களுக்கு முன் அவற்றைத் திறக்கின்றன. புறப்பாட்டுக்கு ஓரிரு வாரங்கள் இருக்கும்போது விற்காத இடங்களைச் சில வேளைகளில் மீண்டும் விடுகின்றன. இலண்டன், ஒஸ்லோ, தோகா போன்ற துண்டுகள் எளிதில் கிடைக்கும். அரிதானது ரொறன்ரோ–ஹொங்கொங். ஆகவே அதனை முதலில் தேடி, கிடைக்கும் இரண்டு மூன்று திகதிகளைக் குறித்து, மற்றத் துண்டுகளை அதற்கு முன்னும் பின்னும் பொருத்துங்கள். பலர் கொழும்பிலிருந்து தொடங்கி ஒழுங்காகத் தேடிக்கொண்டு போய் மூன்றாவது துண்டில் முட்டி நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் தனி ஒருவழிப் பயணமாகத் தேடிப் பாருங்கள்; வன்வேர்ல்ட் ஆசனங்களைக் குவாண்டஸ் தளத்திலும், ஸ்டார் அலையன்ஸ் ஆசனங்களை ஏரோபிளான் தளத்திலும் பார்க்கலாம். இருவராகப் போவதானால் தேடும்போதே இரண்டு ஆசனம் என்று கேளுங்கள். ஒன்று இருக்கும் நாளில் இரண்டு இருக்குமென்று எண்ணிவிட முடியாது.

புள்ளிகளோடு பணமும் கட்ட வேண்டும். விமான நிலைய வரிகள் ஒரு பங்கு. நிறுவனங்கள் சேர்க்கும் மேலதிகக் கட்டணம் இன்னொரு பங்கு. பிரிட்டிஷ் எயார்வேஸின் நெடும் பறப்புகளில் இந்த மேலதிகக் கட்டணம் கனமானது. கொழும்பிலிருந்து இலண்டனுக்கு ஸ்ரீலங்கன், கட்டார் ஆகியவற்றில் எது குறைவு என்பதைப் பதிவின் கடைசிப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரித்தானியாவிலிருந்து புறப்படுபவருக்கு அந்நாட்டு அரசு விதிக்கும் விமானப் பயணிகள் தீர்வை, 2025 ஏப்ரலில் சாதாரண வகுப்பில் ரொறன்ரோ அளவு தூரத்துக்கு 90 பவுண், ஒஸ்லோ போன்ற கிட்டிய ஊருக்கு 13 பவுண் என இருந்தது. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் விமானம் மாறுபவருக்கு அது இல்லை. இலண்டனில் தங்கிவிட்டு ஒஸ்லோவுக்குப் போய், அங்கிருந்து இலண்டனில் மாறி ரொறன்ரோ போகும் சின்னம்மாவுக்கு, 13 பவுணோடு அந்தத் தீர்வை முடிந்துவிட்டது. தம்பியையும் பார்த்தாயிற்று, காசும் மிஞ்சிற்று.

பதிவு செய்யும் நாளில், குவாண்டஸ் தளத்தில் பல ஊர்ப் பயணம் என்ற பகுதியில் எல்லாத் துண்டுகளையும் வரிசையாக இட்டால், விதிகள் பொருந்தும்போது அதுவே வன்வேர்ல்ட் பரிசு விலையைக் காட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி விலை போட்டுக் கூட்டி மிகப் பெரிய தொகை காட்டினால், ஏதோ ஒரு விதி உடைந்திருக்கிறது என்று பொருள். கட்டாமல் நிறுத்திச் சரிபாருங்கள். கிறிஸ்ஃபிளையரின் உலகப் பயணத்துக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அழைக்கும் முன் ஒவ்வொரு துண்டின் திகதி, விமான இலக்கம், புறப்படும் நேரம் மூன்றையும் எழுதி வைத்து, மறுமுனையில் இருப்பவருக்கு ஒவ்வொன்றாக நிதானமாக வாசியுங்கள். "இலண்டன் போக என்ன இருக்கு?" என்று கேட்டால் அவர் தமக்குக் காட்டும் முதல் வழியைச் சொல்வார், விமான இலக்கம் சொன்னால் அதனையே தேடுவார். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னே வருவதா பின்னே வருவதா என்ற குழப்பம் எப்போதும் உண்டு; கடவுச்சீட்டின் அடியிலுள்ள இரண்டு வரி எழுத்துகளைப் பார்த்து எழுதுங்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்னர் ஒரு முறை பெரியப்பாவுக்கு இப்படிப் பதிவு செய்திருந்தேன். நடுவில் ஒரு நிறுவனம் தன் விமான நேரத்தை மாற்றியது; திரையில் புதிய நேரம் வந்தது, நானும் சரியென்று விட்டுவிட்டேன். விமான நிலையக் கருமபீடத்தில், "முன்பதிவு இருக்கிறது, பயணச்சீட்டு இல்லை" என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். நேரம் மாறியபோது பயணச்சீட்டை மறுபடி வழங்கியிருக்க வேண்டும், யாரும் செய்யவில்லை. எழுபது வயது மனிதர் ஒரு வாங்கில் ஐந்து மணித்தியாலம் இருந்தார். அதனை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கும். அன்று முதல் இரண்டு விடயங்களைத் தவறாமல் பார்க்கிறேன். ஒன்று, பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட பயணச்சீட்டு எண் வந்திருக்கிறதா என்பது. ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு மட்டும் போதாது. மற்றது, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வைத்திருக்கும் குறியீட்டைக் கேட்டு வாங்கி, அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பது. நேரம் மாறியிருந்தால், புள்ளி கொடுத்த நிறுவனத்தை அழைத்துப் பயணச்சீட்டை மறுபடி வழங்கச் செய்யுங்கள்.

அந்தக் குறியீடுகள் கையில் இருந்தால் உணவையும் உதவியையும் நீங்களே பதியலாம். சைவ உணவுக்காரருக்கு "இந்து உணவு" என்று போட்டுவிடாதீர்கள். பல நிறுவனங்களில் அது மாட்டிறைச்சி இல்லாத மச்ச உணவு. "ஆசிய சைவ உணவு" என்பதே எங்களுக்கு உரியது. கந்தசஷ்டி விரத நாட்களில் பறப்பவருக்கு இது சிறிய விடயமன்று. சக்கர நாற்காலி உதவியை எட்டுத் துண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். நடக்கக் கூடியவருக்கும், ஆங்கிலம் பழகாத ஒருவருக்கு இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வழிகாட்ட ஒரு மனிதர் கூடவே வருவது பெரிய துணை.

யாழ்ப்பாணத்திலிருந்து தொடக்க இடத்துக்குப் போவதும் கணக்கில் வர வேண்டும். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் முதல் இண்டிகோவும் பறக்கிறது. ஆனால் இண்டிகோ இந்தக் கூட்டணிகள் எதிலும் இல்லை. ஆகவே பலாலி–சென்னை தனிப் பயணச்சீட்டாகும். பொதியைச் சென்னையில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் அடுத்ததைத் தவறவிட்ட பொறுப்பு உங்களுடையது. வீட்டுக்குக் கிட்ட விமான நிலையம் இருக்கையில் இப்படிச் சொல்ல எனக்கும் விருப்பமில்லை. ஆயினும் முதியவருக்குக் கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்கவையே பரிந்துரைக்கிறேன். புத்தளம், நீர்கொழும்பு வழி போகும் இரவுப் பேருந்திலோ வேனிலோ ஒரு நாள் முன்னதாகப் போய், நீர்கொழும்பில் இளைப்பாறி ஏறுங்கள். முதல் துண்டைத் தவறவிட்டால் மற்ற எல்லாத் துண்டும் தாமாகவே இரத்தாகும். நடுவில் ஒரு துண்டில் ஏறாமல் விட்டாலும் அதற்குப் பிந்தியவை இரத்தாகும். ரொறன்ரோவில் பேரப்பிள்ளை இன்னும் ஒரு கிழமை நிற்கச் சொன்னால், விமானம் புறப்படுவதற்கு முன்னர் அழைத்துத் திகதியை மாற்றுங்கள்.

பொதியைக் கட்டும்போது கடைசி ஊரை நினைவில் வையுங்கள். பனங்கட்டியும் ஒடியலும் மிளகாய்த்தூளும் மூன்று வீட்டுக்கும் பங்கிட்டுக் கட்டப்படும். அவுஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவுப் பொருள் எதுவாயினும் அட்டையில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே தண்டம். சின்னம்மாவுக்காக மூன்று வீட்டுப் பங்கையும் மூன்று பையில் பிரித்து, மெல்பேண் பைக்குள் என்ன இருக்கிறதென்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு துண்டை வைத்தோம். கைப்பையில் இன்னொரு தாள் இருந்தது: எட்டு விமானங்களின் திகதி, இலக்கம், ஒவ்வொரு நிறுவனத்தின் குறியீடு, பயணச்சீட்டு எண், ஒவ்வோர் ஊரிலும் கூப்பிட வேண்டிய பிள்ளையின் தொலைபேசி இலக்கம். எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்டு, ஒரு பிரதியைக் கொக்குவில் வீட்டுச் சாமியறையில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.